கேட்டு வந்தவர்களும் கேட்டதாகச் சொல்லிக்கொண்டவர்களும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் தொடங்கும் ஆள்சேர்ப்புக் காலத்தில், ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாமல் நிற்கும் ஆட்டக்காரரை, அதாவது அங்கே ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று அழைக்கப்படுபவரை, எந்தெந்த அணிகள் நாடுகின்றன என்ற பேச்சு ஆட்டத்தைவிடப் பெரிய ஆட்டமாக நடக்கிறது. பேச்சு அடங்கி, அவர் ஓர் அணியில் கையெழுத்திட்ட பிறகு, ஏமாந்த மற்ற அணிகள் அவரை உண்மையிலேயே நாடினவா, நாடியதாகப் பெயர் மட்டும் பண்ணினவா என்ற கேள்வி எஞ்சுகிறது. ரசிகர்களின் திண்ணைப் பேச்சாகத் தோன்றும் இக்கேள்விக்கு அந்த விளையாட்டின் கணக்கேடுகளில் தடயங்கள் மிகத் துல்லியமாகப் பதிந்திருக்கின்றன. அவை பதியும் விதமோ கடந்த அரை நூற்றாண்டில் விதிகள் மாறிய ஒவ்வொரு முறையும் மாறிவந்திருக்கிறது.

1976க்கு முன் இக்கேள்வி எழவே வழியில்லை. 1946இல் தொடங்கி 1949இல் இன்றைய பெயரைப் பெற்ற என்பிஏ என்னும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், ஒப்பந்தம் முடிந்தாலும் அதை அணியே நீட்டித்துக்கொள்ளலாம் என்ற தக்கவைப்பு விதி நிலவியதால், ஆட்டக்காரர் தாம் சேர்ந்த அணியின் உடைமைபோலவே இருந்தார். அவரை வேறோர் அணி கேட்பது பேரமாகக் கருதப்படாமல் அத்துமீறலாகவே கருதப்பட்டது. 1967இல் ஏபிஏ என்ற போட்டிச் சங்கம் தோன்றியபோது, சான்பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணியின் ரிக் பாரி, தம் மாமனார் பயிற்சியாளராக இருந்த ஓக்லாந்து ஓக்ஸ் அணிக்குப் போகத் துணிந்தார். நீதிமன்றம் குறுக்கிட்டதால் ஒரு முழுப் பருவமும் ஆடாமல் உட்கார வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் பெயரால் 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தபோதுதான் அந்தத் தக்கவைப்பு விதி வீழ்ந்தது. ராபர்ட்சன் அதற்கு இரண்டாண்டு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதால், தாம் வாங்கித் தந்த விடுதலையைத் தாம் அனுபவிக்கவில்லை.

விடுதலை ஒரே நாளில் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. முதல் சில ஆண்டுகளுக்கு, ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் அணி அவரை இழந்த அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈடு எவ்வளவு என்பதைச் சங்கத்தின் ஆணையரே தீர்மானிப்பார். 1978இல் நியூயார்க் நிக்ஸ் அணி சியாட்டிலிடமிருந்து மார்வின் வெப்ஸ்டரை அழைத்துக்கொண்டதற்கு ஈடாக லானி ஷெல்டன் என்ற ஆட்டக்காரரையும், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நிகழ்வில் ஒரு முதல் சுற்று உரிமையையும், அவற்றுக்கு மேல் ரொக்கத்தையும் இழந்தது. மறு ஆண்டே அந்த ஷெல்டனோடு சியாட்டில் கோப்பையை வென்றது. பிறகு ஈட்டின் இடத்தில் முதலுரிமை வந்தது: வேறோர் அணி எழுத்தில் தரும் விலையைப் பழைய அணி தானும் தர முன்வந்தால் ஆட்டக்காரர் அங்கேயே இருக்க வேண்டும். 1982இல் பிலடெல்பியா மோசஸ் மலோனுக்கு ஆறாண்டுகளுக்கு 1 கோடியே 32 லட்சம் டாலர் என்று எழுதிக்கொடுத்தபோது, ஹூஸ்டன் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, உடனே கால்டுவெல் ஜோன்ஸையும் ஒரு முதல் சுற்று உரிமையையும் வாங்கிக்கொண்டு மலோனை அனுப்பிவைத்தது. 1983இல் பிலடெல்பியா கோப்பையை வென்றது. எந்தத் தடையும் இல்லாமல், தம் விருப்பப்படி அணி மாறிய முதல் ஆட்டக்காரராக 1988 ஜூலையில் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸைக் குறிப்பிடுவது வழக்கம். ஆக, ஆட்டக்காரரை அணிகள் நாடிச் செல்லும் வழக்கம், இன்று காணப்படும் வடிவில், நாற்பது ஆண்டுகூட நிறையாத இளம் வழக்கமே.

தடயம் பதியத் தொடங்கியதற்குக் காரணம் வேறொரு விதி. 1984-85 பருவத்தில் நடைமுறைக்கு வந்த ஊதிய வரம்பு, ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு எல்லை வகுத்தது. அவ்வாண்டின் எல்லை 36 லட்சம் டாலர். தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க ஓர் அணி எல்லையைத் தாண்டலாம். வெளியாரைக் கொண்டுவர வேண்டுமானால் எல்லைக்குள் காலியிடம் இருக்க வேண்டும். 1996-97இல் சிகாகோ அணி மைக்கேல் ஜோர்டான் ஒருவருக்கே 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததும், அது அவ்வாண்டு ஓர் அணி முழுமைக்கும் வகுக்கப்பட்ட 2 கோடியே 43 லட்சம் டாலர் வரம்பைவிடக் கூடுதலாக இருந்ததும் இந்தச் சலுகையால்தான். வெளியாரை நாடும் அணிக்கோ இத்தகைய சலுகை இல்லை. அதனிடம் பணம் இருந்தால் போதாது, கணக்கில் இடமும் இருக்க வேண்டும். இடம் வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் யாரையாவது அனுப்பியாக வேண்டும். எனவே ஓர் அணி மெய்யாகவே ஒருவரை நாடியதா என்பதை அறிய, அது என்ன சொன்னது என்று கேட்பதைவிட, அதற்கு முந்தைய மாதங்களில் யாரை வெளியே அனுப்பியது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

கையெழுத்தானால்கூட அது மெய்யான சேர்க்கையாகிவிடாது என்பதற்கு 1996 கோடையே சான்று. மியாமி ஹீட் அணி ஜுவான் ஹோவர்டுக்கு ஏழாண்டுகளுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. மியாமியின் மற்றப் பொறுப்புகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வரம்பு மீறுகிறது என்று சங்கம் அந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்ய, ஹோவர்டு வாஷிங்டனுக்கே திரும்பி அதைவிடக் கூடுதலான தொகைக்குக் கையெழுத்திட்டார். விலைகள் இப்படி விண்ணைத் தொட்டதைக் கண்ட உரிமையாளர்கள் 1998-99இல் கதவடைப்பு நடத்தி, அணியின் மொத்தத் தொகைக்கு இருந்ததுபோல் ஒரு தனி ஆட்டக்காரரின் ஊதியத்துக்கும் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். இவ்வழக்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை எனலாம். அதுவரை நாட்டத்தின் அளவுகோலாக விலை இருந்தது. கூடுதலாகக் கொடுப்பவரே கூடுதலாக விரும்புபவர். தலைசிறந்த ஆட்டக்காரருக்கு எல்லா அணிகளும் ஏறத்தாழ ஒரே உச்ச ஊதியத்தைத்தான் தரமுடியும் என்று ஆனபின், விலையில் காட்ட முடியாத விருப்பத்தை உபசாரத்தில் காட்ட வேண்டியதாயிற்று. விளம்பரப் பலகைகள், குறும்படங்கள், விமான நிலைய வரவேற்புகள், பிரமுகர்களின் பரிந்துரைகள் எல்லாம் இதன்பின் பெருகியவை. 2010இல் மியாமியின் பேட் ரைலி தம் வெற்றி மோதிரங்களை ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றார். 2016இல் கெவின் டுராண்டைக் காணச் சென்ற பாஸ்டன் குழு, அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியைத் துணைக்கு அழைத்துச் சென்றது. சீர்வரிசைக்குச் சட்டம் வரம்பு விதித்தால் பந்தலின் உயரம் கூடுவதுபோன்ற நிலை இது.

ஆர்லாண்டோ மேஜிக் அணி 2000ஆம் ஆண்டில் இந்தப் புதிய காலத்தின் முதல் பெரிய வேட்டையை நடத்தியது. அதற்காகவே முந்தைய பருவம் முழுவதும், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்த, நட்சத்திரங்கள் யாரும் இல்லாத ஓர் அணியைக் களமிறக்கிக் கணக்கைக் காலிசெய்து வைத்திருந்தது. டிம் டங்கனும் கிராண்ட் ஹில்லும் ஆர்லாண்டோவுக்கு அழைத்துவரப்பட்டார்கள். ஹில் வந்தார், டங்கன் சான் அன்டோனியோவிலேயே தங்கினார். ஹில்லுக்காக டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் பென் வாலஸ். ஹில் கணுக்கால் காயத்தால் அடுத்த நான்கு பருவங்களில் மொத்தம் 47 ஆட்டங்களே ஆட, வாலஸோ நான்கு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் 2004இல் கோப்பையும் வென்றார். டங்கனை ஆர்லாண்டோ மெய்யாகவே நாடியதா என்று யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அது கொடுத்த விலை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

கேள்வி எழுவதெல்லாம் விலை தெரியாத இடங்களில்தான். அத்தகைய இடங்களில் புரளும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று தரப்பினரின் ஆதாயம் இருக்கிறது. ஆட்டக்காரரின் முகவருக்குத் தம் ஆளைப் பலர் கேட்கிறார்கள் என்ற பேச்சு விலையை ஏற்ற உதவும். நாடியதாகச் சொல்லப்படும் அணிக்குத் தோற்றாலும் முயன்றோம் என்று தன் ரசிகர்களிடம் சொல்லிக்கொள்ள உதவும். பழைய அணிக்குத் தான் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்ததற்குச் சாக்காக உதவும். பெண்ணைப் பெற்ற வீட்டார் எத்தனை இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள் என்று ஊரில் சொல்லும் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதை இதனோடு ஒப்பிடலாம். பேஸ்பாலில் இக்கேள்வி தலைகீழாக எழுந்து நடுவர் மன்றம்வரை போனது: 1985 முதல் சில குளிர்காலங்களில் உரிமையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, பிறர் அணி ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே நாடாமல் இருந்தார்கள் என்று தீர்ப்பாகி, 1990இல் 28 கோடி டாலர் இழப்பீடாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அக்காலத்தில்தான் ஆண்ட்ரே டாசன் தொகை குறிப்பிடாத வெற்று ஒப்பந்தத்தைச் சிகாகோ கப்ஸ் அணியிடம் நீட்டி, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நேர்ந்தது. அவ்வாண்டே அவர் தம் பேஸ்பால் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

நாட்டத்துக்கும் நாட்டப் பேச்சுக்கும் உள்ள இடைவெளியை ஒரே அணியில் வைத்துப் பார்க்க விரும்புவோருக்கு நியூயார்க் நிக்ஸ் அணி வாய்ப்பானது. 2010 கோடையில் கிளீவ்லாந்து அணியின் லெப்ரான் ஜேம்ஸ் விடுபடுவார் என்பதை முன்கூட்டியே கணக்கிட்ட அவ்வணி, 2008 நவம்பர் 21ஆம் தேதி ஒரே நாளில் ஜமால் கிராஃபோர்டு, சாக் ரேண்டால்ஃப் ஆகிய இருவரையும் வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பியது. இருவருடைய ஒப்பந்தங்களும் 2010ஐத் தாண்டி நீண்டவை என்பதே அவர்கள் செய்த குற்றம். 2010 பிப்ரவரியில் ஜாரெட் ஜெஃப்ரீஸின் எஞ்சிய ஊதியத்தைக் கழற்றிவிடுவதற்காக, எட்டு மாதம் முன்பு தெரிவுசெய்த புதுமுகம் ஜோர்டான் ஹில்லையும், 2012ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமையையும், 2011இல் தெரிவு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஜூலை 8ஆம் தேதி தொலைக்காட்சியில் ஜேம்ஸ் மியாமியை அறிவித்தபோது நிக்ஸுக்குக் கிடைத்தது ஏமாற்றம். ஆயினும் இரண்டாண்டு ஆட்டத்தையும் எதிர்காலத் தெரிவுகளையும் அடகுவைத்த அந்த அணி அவரை உண்மையாகவே நாடியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

2019இல் அதே அணி, ஏறத்தாழ அதே நாடகத்தின் முதல் அங்கத்தை மறுபடி அரங்கேற்றியது. ஜனவரி 31ஆம் தேதி தன் இளம் நட்சத்திரம் கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸை, நீண்ட ஒப்பந்தத்தில் இருந்த வேறு சிலரோடு சேர்த்து டல்லாஸுக்கு அனுப்பி, இரண்டு உச்ச ஊதியக்காரர்களுக்குப் போதுமான காலியிடத்தை உண்டாக்கியது. அணியின் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் மார்ச் மாத வானொலி நேர்காணலில், கோடை மிக வெற்றிகரமாக அமையும் என்று நம்பிக்கை தெரிவித்தார். யாரை எண்ணிச் சொன்னார் என்பது நகரத்துக்கே தெரியும்: கெவின் டுராண்ட். ஆனால் ஜூன் 10ஆம் தேதி டொராண்டோவில் நடந்த இறுதிச்சுற்று ஐந்தாம் ஆட்டத்தில் டுராண்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஓராண்டு ஆட முடியாது என்பது உறுதியாயிற்று. ஜூன் 30ஆம் தேதி மாலையில் அவர் கைரி எர்விங்கோடு ஆற்றைக் கடந்து புரூக்ளின் நெட்ஸ் அணிக்குப் போவதாகச் செய்தி வந்த கையோடு, காயத்தை முன்னிட்டு நிக்ஸ் அவருக்கு முழு உச்ச ஊதியம் தர ஆயத்தமாக இல்லை என்ற செய்தியும் வந்தது. அன்றிரவே அணி நிர்வாகத் தலைவர் ஸ்டீவ் மில்ஸ் ரசிகர்களின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்வதாக அறிக்கை விட்டார்.

இங்கே தடயங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஜனவரியில் போர்ஜிங்கிஸைக் கொடுத்தது மெய்யான நாட்டத்தின் விலை; ஜூனில் உச்ச ஊதியத்தில் தயங்கியது நாட்டம் தளர்ந்ததன் அடையாளம். எல்லாரும் ஒரே தொகையைத் தரும் சந்தையில் அந்தத் தொகைக்குக் குறைவாக நினைப்பவர் கேட்டு வந்தவராகவே எண்ணப்படமாட்டார். வராதவரை நாங்களே வேண்டாம் என்றோம் என்று சொல்லிக்கொள்ள அத்தயக்கச் செய்தி பயன்பட்டது என்று ஐயுறவும் இடமுண்டு. நரி கைவிட்ட திராட்சைக்கு நியூயார்க்கிலும் புளிப்புண்டு. டுராண்டோ, நிக்ஸுக்குப் போகும் எண்ணம் எழுந்ததுண்டு, ஆழமாக ஆராயவில்லை என்ற பொருள்படப் பின்னர் பேசினார். அப்படியானால் அந்த வேட்டையில் மான் ஒருபோதும் அந்தக் காட்டுப்பக்கமே வரவில்லை. காலியிடத்தை நிக்ஸ் ஜூலியஸ் ராண்டில் முதலிய பலருக்குப் பங்கிட்டது. அவர்களுள் ராண்டில் ஒருவரே பின்னர் நட்சத்திர நிலையை அடைந்தார்.

டல்லாஸ் மேவரிக்ஸின் அனுபவம் வேறு வகை. 2011இல் கோப்பையை வென்ற அணியைக் கட்டிக்காக்காமல், டைசன் சாண்ட்லர் போன்றோரைப் போகவிட்டுக் காலியிடம் சேர்த்து, 2012இல் தங்கள் வட்டாரத்திலேயே வளர்ந்த டெரான் வில்லியம்ஸை நாடினார்கள். பேச்சுவார்த்தை நாளில் உரிமையாளர் மார்க் கியூபன் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் படப்பிடிப்பில் இருந்தார். தம் கேள்விகள் சிலவற்றுக்கு அவர் மட்டுமே விடை சொல்லியிருக்க முடியும் என்று வில்லியம்ஸ் பின்னாளில் குறிப்பிட்டார். கோப்பை அணியைக் கலைத்தவர்கள் நாடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது; ஆனால் உபசாரமே அளவுகோலாகிவிட்ட காலத்தில், வீட்டுக்காரர் வாசலில் இல்லாதது குறையாகவே பட்டது. கியூபன் அக்குறையை 2015இல் தீர்க்க முயன்றதாகத் தெரிகிறது. டிஆண்ட்ரே ஜோர்டான் ஜூலை 3ஆம் தேதி டல்லாஸுக்கு வாய்மொழியாக இசைந்தார். ஆனால் ஜூலை முதல் வாரத்தில் பேசலாமே தவிரக் கையெழுத்திடக் கூடாது என்ற நிறுத்திவைப்பு விதி இருந்ததால், அவர் மனம் மாறியது தெரிந்ததும் ஜூலை 8ஆம் தேதி அவருடைய பழைய அணியான கிளிப்பர்ஸின் உரிமையாளரும் பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் ஹூஸ்டனில் அவர் வீட்டில் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான பிளேக் கிரிஃபின், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்த படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். நள்ளிரவு கடந்ததும் ஜோர்டான் கிளிப்பர்ஸிலேயே கையெழுத்திட்டார். அவருக்கென்று வைத்த இடம் காலியானதால் டல்லாஸ் வெஸ்லி மேத்யூஸின் தொகையைக் கூட்டிக்கொடுத்தது. அதே மாதத்தில், மூன்றாண்டு முன்பு வராமல்போன டெரான் வில்லியம்ஸ், புரூக்ளின் அவரை விடுவித்த பிறகு, மிகக் குறைந்த விலையில் டல்லாஸுக்கு வந்து சேர்ந்தார்.

உபசாரமும் கணக்கும் ஒருசேரத் தவறிய நிகழ்வு 2014 ஜூலையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு நேர்ந்தது. கார்மெலோ ஆண்டனியை வரவேற்க, அவர் ராக்கெட்ஸ் சட்டையில் 7ஆம் எண்ணோடு நிற்பதுபோன்ற பெரிய படங்களை அரங்கின் சுவரில் ஏற்றினார்கள். அந்த எண்ணை அப்போது அணிந்திருந்தவர் ஜெரமி லின். அவர் இன்னும் அவ்வணியின் ஊதியப் பட்டியலில்தான் இருந்தார். அன்று அவர் லூக்கா நற்செய்தியின் ஒரு வசனத்தைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் இட்டார். ஆண்டனி நியூயார்க்கிலேயே தங்க, ராக்கெட்ஸின் குறி மியாமியின் கிறிஸ் பாஷ் பக்கம் திரும்பியது. அதற்கான கணக்கு நுட்பமானது. சொந்த ஆட்டக்காரரான சாண்ட்லர் பார்சன்ஸை முதலுரிமைக்கு உட்பட்டவராக ஆக்குவதற்காக, 10 லட்சம் டாலருக்கும் குறைவான அவரது கடைசி ஆண்டு ஒப்பந்தத்தை அணி தானே கைவிட்டிருந்தது. பாஷை முதலில் காலியிடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு பார்சன்ஸை வரம்பு தாண்டித் தக்கவைப்பது திட்டம். ஓமர் ஆசிக்கை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியாயிற்று. லின்னை ஒரு முதல் சுற்று உரிமையோடு சேர்த்து லேக்கர்ஸுக்குக் கொடுத்தாயிற்று. இதற்கிடையே டல்லாஸ் பார்சன்ஸுக்கு மூன்றாண்டுகளுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் என்று எழுதிக்கொடுக்க, மூன்று நாள் கெடு ஓடத் தொடங்கியது. ஜூலை 11ஆம் தேதி லெப்ரான் கிளீவ்லாந்துக்குத் திரும்புவதாக அறிவித்த சில மணி நேரத்தில் பாஷ் மியாமியிலேயே இருக்க முடிவெடுத்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 11 கோடியே 80 லட்சம் டாலர். பார்சன்ஸையும் ராக்கெட்ஸ் போகவிட்டது. நாடப்பட்ட இருவருள் வந்தவர் யாருமில்லை, போனவர்கள் மூவர். நாட்டத்தின் மெய்ம்மையை அளக்க இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

காலியிடம் காட்டும் தடயத்தைத் தவிர மற்றொரு தடயமும் உண்டு, அது தண்டனை. பேச்சுவார்த்தைக்கு உரிய காலம் தொடங்குமுன்பே பிற அணியின் ஆட்டக்காரரோடு பேசுவது ‘டாம்பரிங்’ எனப்படும் குற்றம். 2019இல் இதற்கான அபராதம் 1 கோடி டாலர் வரை உயர்த்தப்பட்டது. 2022 கோடையில் டல்லாஸின் ஜேலன் பிரன்சனை நிக்ஸ் நாடியபோது, அணி நிர்வாகத் தலைவராக இருந்தவர் பிரன்சனின் பழைய முகவர் லியான் ரோஸ். ஜூன் தொடக்கத்தில் பிரன்சனின் தந்தை ரிக் துணைப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். ஜூன் 30க்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் கெம்பா வாக்கரும், நெர்லன்ஸ் நோயலும், அலெக் பர்க்ஸும் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டுக் காலியிடம் உண்டாக்கப்பட்டது. நான்காண்டுகளுக்கு 10 கோடியே 40 லட்சம் டாலருக்குப் பிரன்சன் வந்தார். இரு முறை ஏமாந்த அணி இம்முறை அரவமில்லாமல் காரியத்தை முடித்தது. விசாரணை நடத்திய சங்கம், உரிய காலத்துக்கு முன்பே பேச்சு நடந்தது என்று முடிவுசெய்து, அவ்வாண்டு டிசம்பரில் நிக்ஸின் 2025ஆம் ஆண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுரிமையைப் பறித்தது. ஓர் அணி ஓர் ஆட்டக்காரரை உண்மையிலேயே நாடியது என்று சங்கமே தன் கைப்பட எழுதித் தரும் சான்றிதழ் இவ்வகைத் தண்டனை ஒன்றுதான். 2025 ஜூனில் புதுமுகத் தெரிவு நடந்தபோது வழக்கமான 60 பெயர்களுக்குப் பதிலாக 59 பெயர்களே அழைக்கப்பட்டன.